ஜென்மபாவமும் கடைக் கொப்பியும்

பதுளையில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில் நம்மவர் ஒருவர் கிறிஸ்தவத்தின் 'ஜென்மபாவம்' பற்றிக் கட்டுரை வாசித்தார். ஆதம் செய்த பிழைக்குப் பசறையில் பிறந்த பிள்ளை எப்படிப் பாவியாகும், ஒருவன் பட்ட கடனை இன்னொருவன் இரத்தம் சிந்தித் தீர்ப்பது எந்த ஊர் நியாயம் என்றெல்லாம் கேட்டார். மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். பசறை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு உறுத்தத் தொடங்கியது.

எனது நிலைப்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஜென்மபாவத்தை ஏற்பவனல்லன். ஆதம் (அலை) தவறினார், தவ்பாச் செய்தார், அல்லாஹ் மன்னித்தான். கணக்கு அங்கேயே முடிந்தது. ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்பதில் குர்ஆன் தெளிவாக இருக்கிறது. ஆனால் அஹ்மத் தீதாத்தின் விவாதங்களைத் தமிழில் வாசித்துவிட்டு, பைபிளையே வாசித்து முடித்ததாக எண்ணும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. கட்டுரையாளரிடம் நான் கண்ட குறையும் அதுதான்.

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 3ஆம் அத்தியாயத்தில் பவுல், பாவத்திலிருந்து விலக்குப் பெற்றவர் எவருமில்லை, இறைமகிமையை எட்டும் தகுதி யூதருக்குமில்லை புறஜாதியாருக்குமில்லை என்று வாதிடுகிறார். 'எவருமில்லை' என்றால் துரையும் இல்லை, கங்காணியும் இல்லை. இந்தப் போதனை ஊவாத் தோட்டங்களுக்கு வந்தபோது என்ன ஆனது என்றல்லவா நாம் கேட்டிருக்க வேண்டும்?

1854இல் தோட்டத் துரைமாரின் ஆதரவோடு ஒரு மிஷன் தொடங்கப்பட்டது. அதன் பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்'. பெயர் பிற்காலத்தில் மாற்றப்பட்டது என்பது வேறு விடயம். ஆன்மாவைத் தேடி வந்தவர்களின் கண்ணுக்கும் முதலில் தென்பட்டது கூலிதான். துரை ஞாயிற்றுக்கிழமை முழந்தாளிட்டுத் தன்னைப் பாவி என்று அறிக்கையிட்டான். திங்கள் விடியற்காலை பெரட்டுக்களத்தில் பாவி வேறு ஆளாகிவிட்டான். மலையகத்தில் 'பாவப்பட்ட சனம்' என்றால் ஏழைகள் என்றுதான் பொருள். யார் பாவி என்ற கேள்விக்கு எங்கள் பேச்சுமொழியே ஒரு பதில் வைத்திருக்கிறது.

பதுளை நகரில் புனித மாற்கு தேவாலயம் இருக்கிறது. 1857ஆம் ஆண்டுக் கட்டடம். மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்ற பதுளை அரசாங்க அதிகாரியின் நினைவாக எழுப்பப்பட்டது. இந்த மனிதர் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்று அக்காலத்து ஆங்கிலேயரே பெருமையோடு எழுதி வைத்தார்கள். 1845 ஜூன் மாதம் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். இறைவனின் மகிமைக்கென்று எழுப்பிய வீட்டில் ஒரு வேட்டைக்காரரின் மகிமை கல்லில் ஏறி நிற்கிறது. பாவம் பற்றிய கோட்பாட்டில் பிழை காண்பதைவிட, அந்தக் கோட்பாட்டை நம்பியவர்களே அதைத் துரைமார் விடயத்தில் எப்படி மறந்தார்கள் என்று கேட்பதுதான் கூர்மையான விமர்சனம்.

ஆனால் இடி விழுந்த கதையை நாம் சொல்லும் விதத்திலும் கோளாறு உண்டு. நுவரெலியாவிலுள்ள அவரது கல்லறையிலும் திரும்பத் திரும்ப இடி விழுந்ததென்றும், வாயில்லாச் சீவன்களின் சாபம் என்றும் ஊரில் சொல்வார்கள். நம்மவர்களும் 'அல்லாஹ் காட்டிக் கொடுத்தான்' என்பார்கள். கொழுந்து பறிக்கையில் மின்னல் தாக்கி மாண்ட பெண்கள் இந்த மலைகளில் எத்தனை பேர்? அவர்கள் எந்த யானையைச் சுட்டார்கள்? சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவரைவிடப் பெரிய பாவிகளா என்று ஈஸா நபி கேட்டதாக லூக்கா எழுதுகிறார். பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இவன் பாவமா பெற்றோர் பாவமா என்று சீடர்கள் வினவியபோது, இரண்டுமில்லை என்று அவர் சொன்னதாக யோவான் எழுதுகிறார். பரம்பரைப் பாவத்தைக் கேலி செய்த கட்டுரையாளருக்கு இந்த இடங்கள் கண்ணில் படவில்லையா?

இனிக் கடனுக்கு வருகிறேன். ஒருவன் கடன் இன்னொருவன் தலையில் ஏறுவதைக் கேட்டு மண்டபம் சிரித்ததே, தோட்டத்தில் யாரும் அதற்குச் சிரித்திருக்க மாட்டார்கள். அங்கே 'துண்டு' என்றொரு முறை இருந்தது. ஒரு கூட்டத்துத் தொழிலாளரின் கடன் முழுவதும் ஒரு காகிதத் துண்டில் எழுதப்படும். அதை அடைக்கும் தோட்டம் அவர்களை ஏற்கும். கடனும் கூடவே போகும். இறந்தவன், ஓடிப்போனவன் கடனும் எஞ்சியவர் தலையில் ஏறும். 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது. பிறகு 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, தகப்பன் எங்கே பிறந்தான் என்று கேட்டு, பிள்ளையை நாடற்றவனாக்கியது. இப்படிப்பட்டவர்களிடம் 'மீட்பர்' என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. அடகு வைத்த தோட்டை மீட்க முடியாமல் தவித்தவர்கள் அவர்கள்.

பசறைக் கடைத்தெருவில் வாப்பாவுக்கு ஒரு மளிகைக் கடை இருந்தது. ஐவேளைத் தொழுகை தவறாதவர். சிறு ஜெபக்கூட்டம் ஒன்றில் சேர்ந்திருந்த தோட்டத்துப் பெண்ணொருத்தி சம்பள நாளில் அரிசி வாங்க வந்தாள். முகமெல்லாம் மலர, "எங்க கடனையெல்லாம் ஒருத்தர் கட்டிட்டாருங்க நானா" என்றாள். வாப்பா கொப்பியைத் தட்டி, "அப்ப இந்தக் கடன ஆரு கட்டுற?" என்று கேட்டார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிறுவனாக நானும் சிரித்தேன். பதுளை மண்டபத்தில் கேட்டது அதே சிரிப்பு.

அவள் புருஷன் அதற்கு முந்திய மாதம்தான் இறந்திருந்தான். அவன் பாக்கியை வாப்பா மகனின் பக்கத்தில் ஏற்றியிருந்தார். மையித்தின் கடன் அவன் விட்டுச் சென்ற பொருளிலிருந்து அடைக்கப்பட வேண்டும், மகனின் சொந்தத் தலையில் எழுத நமது ஷரீஅத்தில் இடமில்லை என்று வாப்பாவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். இரண்டு தீனார் கடனோடு இறந்தவருக்கு ஜனாஸா தொழுவிக்க நபிகளார் (ஸல்) தயங்கியதும், அபூ கதாதா (ரழி) அக்கடனைத் தாம் ஏற்ற பிறகே தொழுவித்ததும் அவர் பள்ளியில் பலமுறை கேட்ட ஹதீஸ். மனிதருக்குப் பட்ட கடனும் அல்லாஹ்வுக்குச் செய்த பாவமும் ஒன்றல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 'எந்த ஊர் நியாயம்' என்று கட்டுரையாளர் கேட்ட கேள்விக்கு மதீனாவிலும் ஒரு பதில் இருக்கிறது என்பதை அவர் மறந்துவிட்டார்.

அவர் இதே இதழில் மறுத்து எழுதட்டும். எழுதுமுன் ஒருமுறை பசறைக்கு வந்தால் வாப்பாவின் கொப்பியைக் காட்டுவேன். இன்னும் வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தின் தலைப்பில் பையனின் பெயர் இல்லை. தகப்பன் பெயரை எழுதி, பக்கத்தில் 'மகன்' என்று மட்டும் போட்டிருக்கிறது.