வடிவம் உரைக்கும் சொற்கள்

பிரண்டைத் தண்டினை விரல்களுக்கு இடையில் உருட்ட முயன்றால், அதன் நான்கு பட்டைகளும் உருளவிடாது தடுக்கும். அதன் அறிவியற்பெயர் 'சிஸ்ஸஸ் குவாட்ராங்குலாரிஸ்'. அப்பெயரின் இரண்டாம் சொல்லுக்கு 'நாற்கோணமுடையது' என்பதே பொருள். முருங்கை விதைக்கு மெல்லிய மூன்று சிறகுகள் உண்டு. அம்மரத்திற்கு முன்னர் வழங்கிய 'மொரிங்கா டெரிகோஸ்பெர்மா' என்னும் பெயர் 'சிறகுடைய விதை' என்பதைக் குறித்தது. 'மொரிங்கா' என்பதோ முருங்கை என்னும் சொல்லின் திரிபேயாகும்.

லின்னேயசு 1753ஆம் ஆண்டு வெளியிட்ட நூலால் நிலைபெற்ற இருசொற்பெயர் முறை, உலகெங்கும் ஒரு செடியை ஒரே பெயரால் அறிய உதவுகிறது. அப்பெயர்கள் மாறாதிருத்தல் வேண்டும். ஆயின் தண்டையும் விதையையும் விளக்கும் கலைச்சொற்கள் கற்போரின் மொழியில் அமைதலே தக்கது. 'குவாட்ராங்குலார்' என்பதை மனப்பாடம் செய்யும் மாணவர்க்கு அது வெறும் ஒலி. 'நாற்கோணத் தண்டு' என்றவுடன் வடிவம் கண்முன் தோன்றும்.

தமிழுக்கு இது புதிதன்று. புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பகுக்கிறது. பனையும் தென்னையும் உயர்ந்து வளரினும், அவற்றின் தண்டில் வன்மை புறத்தேதான் உள்ளது. இன்றைய தாவரவியலும் அவற்றைப் புற்களோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்களுள் வைக்கிறது. விதைகளையும் மக்கள் ஒரே சொல்லால் அழைக்கவில்லை. நெல்லுக்கு மணி, ஆமணக்கிற்கு முத்து, புளிக்கும் மாவிற்கும் கொட்டை என வேறுபடுத்தினர்.

வழக்குச்சொற்கள் அறிவியலுக்குப் போதிய நுட்பம் உடையனவல்ல என்பர் சிலர். அதில் உண்மையும் உண்டு. இஞ்சியையும் மரவள்ளியையும் மக்கள் கிழங்கு என்றே கூறுவர். கணுக்களும் செதில் இலைகளும் கொண்ட இஞ்சி, நிலத்தடித் தண்டு, மரவள்ளியோ வேர். எனினும், இக்குறையை நீக்க அயற்சொல் தேவைப்படவில்லை. 'மட்டநிலத்தண்டு', 'வேர்க்கிழங்கு' எனத் தமிழ்ச்சொற்களே அவ்வேறுபாட்டைத் தெளிவாக்குகின்றன. வழக்குச்சொல்லைக் கைவிடுவதினும் அதனைக் கூர்மைப்படுத்துவதே கலைச்சொல்லாக்கத்தின் பணி.

வயலை விட்டு விலகும் தலைமுறையிடமிருந்து இச்சொற்களும் விலகி வருகின்றன. சொல் மறையும்போது, அது சுட்டிய வேறுபாட்டைக் காணும் கண்ணும் மங்குகிறது. தாவரவியல் வகுப்பு ஏட்டோடு நின்றுவிடாமல், தண்டையும் விதையையும் கையிலெடுத்துப் பெயர் சொல்லிப் பழகும் இடமாக வேண்டும். அங்கே தமிழும் அறிவியலும் ஒருங்கே வளரும்.