ரன் என்றால் 'ஓடு'... அவ்வளவுதானா?

"ரன் என்றால் ஓடு" என்று பத்து தடவை எழுத வைப்பதற்குப் பெயர் ஆங்கில வகுப்பாம்! ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காரர்கள் 2011ல் இந்த ஒரு வினைச்சொல்லுக்கு மட்டும் 645 அர்த்தம் கொடுத்திருந்தார்கள். (1989 பதிப்பில் நீளமான பதிவு 'செட்'டுக்கு.) மூக்கு ரன் ஆனால் ஒழுகுகிறது, சாயம் ரன் ஆனால் வேட்டி பாழ், கடையை ரன் செய்தால் நடத்துகிறார், தேர்தலில் என்றால் போட்டியிடுகிறார். மனப்பாடம் செய்த பையன் மூக்கை ஓட விடுவான். வகுப்பே சிரிக்கும். அப்புறம் அவன் வாயே திறக்க மாட்டான்.

தப்பு அவனுடையதா? தமிழில் படம் நூறு நாள் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, மனசுக்குள் ஏதோ ஓடுகிறது... இதையெல்லாம் பட்டியல் போட்டா படித்தான்? பக்கத்துச் சொல்லைப் பார்த்துப் பிடித்துக்கொண்டான். அந்தப் புத்தியை ஆங்கில வகுப்பில் மட்டும் ஏன் பூட்டி வைக்கிறார்கள்?