பிளாஸ்டிக்கை ஒழிக்கலாம், சாதியைப் பேசக் கூடாதா?

1855-இல் ஜோதிராவ் புலே 'திருதீய ரத்னா' என்றொரு நாடகம் எழுதினார். கர்ப்பிணியான ஓர் உழவர் வீட்டுப் பெண்ணிடம் ஜோசியன் ஒருவன் வருகிறான். கிரக தோஷம், சாந்தி என்று பயம் காட்டி அந்த ஏழைக் குடும்பத்திடம் இருப்பதையெல்லாம் கறக்கிறான். கடைசியில் அந்தப் பெண்ணும் அவள் கணவனும் படிக்கக் கிளம்புகிறார்கள். இந்த நாடகத்தைப் புலே தட்சிணா பரிசுக் குழுவிடம் கொடுத்தார். குழுவில் இருந்த பார்ப்பன உறுப்பினர்களின் பிடிவாதத்தால் அது நிராகரிக்கப்பட்டது என்று பின்னாளில் அவரே எழுதினார். அந்த நாடகம் அச்சேற நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

சாதியை எதிர்க்கும் நாடகத்தைப் பரிசுக்குழுவிடம் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்பதற்கு நம் வரலாற்றில் இது முதல் பாடங்களில் ஒன்று. 170 ஆண்டுகளில் நிராகரிக்கும் முறை மட்டும் நாகரிகமாகிவிட்டது. இன்றைக்கு யாரும் "இதைப் போடாதே" என்று கத்துவதில்லை. "வேற தலைப்பு பாருங்களேன்" என்று அன்பாகச் சொல்லிவிடுகிறார்கள்.

நான் ஆரணிக்காரி. தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவள். ஆரணியும் சுற்றியுள்ள சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரமும் நெய்கிற பட்டுப்புடவை ஊர் உலகமெல்லாம் போகிறது. எங்கள் பக்கம் கூத்துக்கும் பேர்போனது. செய்யாறு பக்கத்துப் புரிசை, தெருக்கூத்துப் பரம்பரைக்காக நாடக உலகம் முழுக்கத் தெரிந்த ஊர். விடிய விடியப் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நாடகம் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டில் கலைத் திருவிழா தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டி. மாநில அளவில் வெல்பவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டங்கள். சிறந்தவர்களுக்கு வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலாவும் உண்டு. நல்ல திட்டம். தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமே வாய்த்திருந்த மேடையை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்டது. அதை நான் குறை சொல்ல வரவில்லை. அந்த மேடையில் எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் நாடகப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ய உதவி கேட்டார்கள். போனேன். எட்டுப் பிள்ளைகள். ஊர்ப் பிள்ளைகளும் உண்டு, காலனிப் பிள்ளைகளும் உண்டு. தலைப்பை நான் கொடுக்கவில்லை. "உங்க ஸ்கூல்ல உங்களுக்குப் புடிக்காத ஒண்ணைச் சொல்லுங்க" என்றேன். பாத்ரூம், கணக்கு, பி.டி. பீரியடைப் பிடுங்குவது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒரு பெண் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "ஸ்காலர்ஷிப்புக்கு எழுந்து நிக்கச் சொல்றதுக்கா."

அவ்வளவுதான். நாடகம் கிடைத்துவிட்டது. அந்தப் பிள்ளைகளே பத்து நிமிட நாடகமாக அதைக் கட்டினார்கள். வகுப்பு நடக்கிறது. ஒருவர் தாளை எடுத்துக்கொண்டு வந்து, "எஸ்.சி. பசங்கல்லாம் எழுந்து நில்லுங்க" என்கிறார். நால்வர் நிற்கிறார்கள். மீதிப் பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். அதுவரை ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட பக்கத்துப் பெஞ்சுக்காரி அரை அடி நகர்ந்து உட்காருகிறாள். யாரும் யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அந்த அரை அடிதான் நாடகம். பிள்ளைகள் இடையில் கூத்திலிருந்து ஒரு கட்டியங்காரனைக் கொண்டுவந்தார்கள். அவன், "தாளுலதான் பேரு எழுதியிருக்கே சார், பேரைச் சொல்லிக் கூப்புட்டா இன்னா?" என்று கேட்கிறான். கடைசியில் பார்வையாளர்கள் பக்கம் திரும்பி, "இப்ப நீங்கல்லாம் எழுந்து நில்லுங்க" என்கிறான். ஆசிரியர் வேடம் போட்டது ஒரு நெசவாளி வீட்டுப் பையன். நகர்ந்து உட்காரும் பெண்ணாக நடித்தவள் ஊர்த் தெருப் பெண். "நாங்க இப்படித்தான் பண்றோமாக்கா?" என்று ஒத்திகையில் அவளே கேட்டாள். பத்துப் பாடப்புத்தகம் செய்யாததை அந்த ஒத்திகை செய்தது.

போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது அழைத்துப் பேசினார்கள். "நாடகம் நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா நடுவரா யார் வருவாங்கன்னு தெரியாது. சாதியெல்லாம் சென்சிட்டிவ். பசங்க சான்ஸை நாம கெடுக்கக் கூடாது. பிளாஸ்டிக் ஒழிப்பு போட்டுருங்க." பிளாஸ்டிக் அரக்கனும் மஞ்சப்பையும் மேடையேறினார்கள். வட்டார அளவோடு திரும்பி வந்தார்கள். 'எழுந்து நில்' என்று பெயர் வைத்த நாடகம் நாற்பது பக்க நோட்டில் கிடக்கிறது.

பிளாஸ்டிக்கை ஒழிக்கத்தான் வேண்டும். டெங்குக் கொசுவையும்தான். ஆனால் பள்ளி நாடக மேடைக்கு 'பாதுகாப்பான' தலைப்புகளைப் பாருங்கள். எதிலும் குற்றவாளி என்று ஒருவர் இருக்க மாட்டார். பிளாஸ்டிக் பை கோபித்துக்கொள்ளாது. கொசு ஊர்க்கூட்டம் போடாது. சாதி என்றால் மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் நெளிவார். அவருடைய நெளிவைக் காப்பாற்றத்தான் 'சென்சிட்டிவ்' என்ற சொல். எழுந்து நின்ற பிள்ளையின் மனது எந்தக் காலத்தில் சென்சிட்டிவ் கணக்கில் வந்தது?

"குழந்தைகள் வெள்ளை மனசு, அவங்களுக்குச் சாதியைச் சொல்லித்தரலாமா?" என்று ஒரு கேள்வி வரும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன்படித்த மாணவர்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. எந்தப் பள்ளி நாடகம் பார்த்து அவர்கள் சாதியைக் கற்றார்கள்? அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு வேண்டாம், பள்ளிப் பெயர்களில் சாதிச் சொல் வேண்டாம், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, உதவித்தொகைக்காக வகுப்பில் எல்லார் முன்னும் சாதியைச் சொல்லக் கூடாது என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. எங்கள் பிள்ளைகள் அந்த அறிக்கையைப் படித்தவர்கள் இல்லை. ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி எழுதிய அதே விஷயத்தைத் தங்கள் அனுபவத்திலிருந்து பத்து நிமிடத்தில் நடித்துக் காட்டினார்கள். அறிக்கையில் இருந்தால் சீர்திருத்தம், மேடையில் வந்தால் சென்சிட்டிவா?

எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தின் தென்முடியனூரில் 2023 ஜனவரியில்தான் தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் முதன்முறையாகப் போக முடிந்தது. அதுவும் போலீஸ் பாதுகாப்போடு. அதே மாதத்தில்தான் முதல் கலைத் திருவிழாவின் பரிசளிப்பு விழாவும் சென்னையில் நடந்தது. இந்த மாவட்டத்துப் பிள்ளைகளிடம் "உன் ஊரைப் பற்றி நடி" என்று சொல்லிவிட்டுச் சாதியை மட்டும் விட்டுவிடு என்றால், அவர்கள் எதைத்தான் நடிப்பது?

மாணவர் மேடைகளில் எது தாண்டிப் போகிறது, எது மாட்டிக்கொள்கிறது என்பதை நாடு முழுக்கப் பார்க்கலாம். 2023 பிப்ரவரியில் பெங்களூரில் ஜெயின் பல்கலைக்கழக மாணவர்கள் இளைஞர் விழா ஒன்றில் போட்ட குறுநாடகம் அம்பேத்கரையும் இடஒதுக்கீட்டையும் கேலி செய்தது. காணொளி வெளியே வந்து கொந்தளிப்பு எழுந்த பிறகுதான் வழக்கும் கைதும். பின்னர் உயர்நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. மாணவர்கள் ஜெயிலில் இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒத்திகையிலிருந்து மேடை வரை அந்த வசனங்களைக் கேட்ட யாருக்கும் அது 'சென்சிட்டிவ்' என்று தோன்றவில்லையே, அதைத்தான் கேட்கிறேன்.

அடுத்த ஆண்டு, 2024 மார்ச்சில், புதுச்சேரிப் பல்கலைக்கழகக் கலை விழாவில் 'சோமாயணம்', பம்பாய் ஐ.ஐ.டி. கலை விழாவில் 'ராஹோவன்' என்று இரண்டு நாடகங்கள். இரண்டும் இராமாயணத்தைப் பெண்ணின் பக்கமிருந்து கேள்வி கேட்டவை. புதுச்சேரியில் துறைத் தலைவர் பொறுப்பிலிருந்து விலக நேர்ந்தது. பம்பாயில் மாணவர்களுக்கு 1.2 லட்சம் ரூபாய் வரை அபராதம். அம்பேத்கரைக் கேலி செய்தால் மேடை கிடைக்கும். இராமனைக் கேள்வி கேட்டால் மேடைக்குப் பிறகு ரசீது வரும்.

பள்ளி அளவிலும் முன்னுதாரணம் இருக்கிறது. 2018-இல் கேரளத்தின் மேமுண்ட மேல்நிலைப் பள்ளி 'கிதாப்' என்ற நாடகத்தைக் கலோத்சவத்துக்குக் கொண்டுபோனது. அப்பாவைப் போலப் பாங்கு சொல்ல ஆசைப்படும் ஒரு சிறுமியின் கதை. கோழிக்கோடு மாவட்டத்தில் முதலிடம் பெற்றது. மத அமைப்புகள் எதிர்த்ததும் பள்ளியே நாடகத்தைத் திரும்பப் பெற்றது. மாநில மேடை அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. எந்த மதத்தின் பெயரால் வந்தாலும், பெரியவர்களின் சண்டையில் வேடம் கலைக்கச் சொல்லப்படுவது பிள்ளைகள்தான்.

தமிழ்நாட்டில் வளர்ந்த நாம் இதற்கு அஞ்சுவது வெட்கக்கேடு. 1940-களில் அண்ணா 'சிவாஜி கண்ட இந்து இராஜ்யம்' எழுதி, அதில் தானே காகபட்டராக நடித்தார். போரில் வென்ற சிவாஜிக்கே சூத்திரன் என்பதால் முடிசூட்டத் தடை என்ற கதை. அதில் சிவாஜியாக நடித்த வி.சி.கணேசனுக்குப் பெரியார் வைத்த பெயரைத்தான் ஊரே சொல்கிறது. எம்.ஆர்.ராதாவின் இராமாயண நாடகத்தைத் தடுக்க 1954-இல் ஒரு சட்டமே போட்டார்கள். அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, ஞாநி தொடுத்த வழக்கில், 2013-இல் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. சட்டம் விட்டுவிட்டதை இன்று ஸ்டாஃப் ரூம் பிடித்துக்கொண்டிருக்கிறது. எழுத்தில் ஓர் உத்தரவு இல்லை, எதிர்த்து வழக்குப் போடவும் வழியில்லை.

மேடைக்கு வருகிற நாடகங்களுக்குள்ளும் சாதி வேடம் பிரிக்கிறது. ராணி வேடத்துக்குச் 'சிவப்பா' ஒரு பெண் வேண்டும். அவள் கட்டிக்கொள்ளப் பட்டுப்புடவை மட்டும் நெசவாளி வீட்டிலிருந்து இரவல் வரும். குடிகாரன், திருடன், வேலைக்காரி வந்தால் வசனம் உடனே காலனிப் பேச்சுக்கு மாறும், அரங்கம் சிரிக்கும். நல்லவன் வந்தால் செந்தமிழ். "வந்துக்கினு, போய்க்கினு" என்று பேசுகிற பிள்ளையிடம் "உச்சரிப்பு சரியில்லை" என்பார்கள். அந்தப் பேச்சில்தான் எங்கள் பக்கக் கட்டியங்காரன் காலங்காலமாக ராஜாவையே நிறுத்திக் கேள்வி கேட்கிறான்.

பள்ளி சொன்ன ஒரு காரணத்தை மட்டும் நான் எளிதாகத் தள்ளமாட்டேன். "பசங்க சான்ஸ்." பாவு போட்ட வீட்டில் தார் சுற்றிவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு ஒரு மாநிலச் சான்றிதழ் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். அதை ஒரு கொள்கைக்காகப் பந்தயம் வைக்க யாருக்கும் உரிமையில்லை. அதனால்தான் பிள்ளைகளையோ தனி ஆசிரியரையோ வீரம் காட்டச் சொல்லாமல், விதியை மாற்றச் சொல்கிறேன். கலைத் திருவிழா நாடகத் தலைப்புகளில் சாதிப் பாகுபாடு என்று வெளிப்படையாக எழுதுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் பயப்படும் ஆசிரியர் கூட, "மேலே சொன்னதைத்தான் செய்தேன்" என்று சொல்லிக்கொள்ளலாம். நடுவர்களில் தெருக்கூத்துக் கலைஞர்களையும் தலித் எழுத்தாளர்களையும் உட்கார வையுங்கள். மதிப்பெண்ணோடு காரணத்தையும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். ஒரு நாடகத்தைப் பள்ளி நிறுத்தினால் காரணத்தை எழுத்தில் தரட்டும். நிறத்தையும் பேச்சையும் சாதியையும் வைத்துச் சிரிப்பு மூட்டும் நாடகத்துக்கு மதிப்பெண் குறையுங்கள்.

இதைப் படிக்கும் இளம் தோழர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. முகநூலில் நாம் எழுதும் சாதி எதிர்ப்பைப் பெரும்பாலும் நாமேதான் படிக்கிறோம். உங்கள் ஊர் அரசுப் பள்ளிக்குப் போங்கள். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, வாரம் ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு உட்காருங்கள். வசனம் எழுதிக் கொடுக்காதீர்கள். அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்கள் இருக்கிறார்கள். நாடகத்தை முதலில் அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். அம்மா, அப்பா பார்த்துக் கைதட்டிய நாடகத்தை நிறுத்துவது சுலபமில்லை.

அடுத்த கலைத் திருவிழா அறிவிப்பு வரும். 'எழுந்து நில்' நாடகத்தை அதே பெயரில், அதே வசனத்தோடு மறுபடியும் கொடுக்கப்போகிறோம். அந்த எட்டுப் பேரில் மூவர் பள்ளி முடித்துப் போகிறார்கள். கட்டியங்காரன் வேடத்துக்கு இப்போதே இரண்டு பேர் போட்டி போடுகிறார்கள்.