சின்ன சைஸ் இருக்கா?

எந்தப் படகு இல்லத்துக்குப் போனாலும் டிக்கெட் கவுன்டரைத் தாண்டியதும் ஒரு குவியல் கண்ணில் படும். நிறம் வெளுத்த, கிளிப் உடைந்த, முந்தைய ஆளின் வியர்வை இன்னும் காயாத லைஃப் ஜாக்கெட்டுகள். வரிசையில் நிற்கும்போது மாட்டிக்கொள்வோம். படகு கரையைவிட்டு நகர்ந்ததும் "ஒரே புழுக்கம்ப்பா" என்று கழற்றிவிடுவோம். சிலர் அதையே மடித்துப் போட்டு மேலே உட்கார்ந்துகொள்வதும் உண்டு. குழந்தைகள் விஷயத்தில் நாம் இன்னும் ஒரு படி மேலே. பெரியவர்களுக்கானதை எடுத்து மூன்று வயதுப் பிள்ளையின் தலைவழியாகப் போட்டு, அது முழங்கால்வரை தொங்குவதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவோம். அத்தை, சித்தி எல்லாரும் ஹார்ட் அனுப்புவார்கள்.

படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மட்டும் மேலே மிதக்கும். பிள்ளை அதன் வழியே கீழே நழுவிவிடும்.

நம்மூர்ப் படகுச் சவாரியில் எல்லாமே பெரியவர்களை மனதில் வைத்துப் போட்ட கணக்கு. ஜாக்கெட் மட்டுமல்ல, உட்காரும் பலகை, சவாரி நேரம், புறப்படும் வேளை, "ஆழமே இல்லைங்க, இடுப்பளவுதான்" என்று சொல்லும் அந்த இடுப்புகூடப் பெரியவருடையதுதான். குழந்தையோடு போகிறவர்கள் இவை ஒவ்வொன்றையும் பிள்ளையின் அளவுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். அப்படிக் குறைத்தால் பிள்ளை பத்திரமாக இருக்கும். அதைவிட முக்கியமாக, சவாரி அதற்குப் பிடித்துப்போகும்.

முதலில் ஜாக்கெட். குழந்தைகளுக்கானதை வயது பார்த்து வாங்கக் கூடாது, எடை பார்த்து வாங்க வேண்டும். நல்ல தயாரிப்புகளின் உள்பக்கத்தில் எத்தனை கிலோவுக்கு என்று அச்சிட்டிருப்பார்கள். 14 கிலோவுக்குக் கீழ் ஒன்று, 14 முதல் 23 வரை ஒன்று, 23 முதல் 41 வரை ஒன்று என்பது பரவலாக உள்ள வகைப்பாடு. சின்னக் குழந்தைகளுக்கானதில் மூன்று விஷயங்கள் கட்டாயம் இருக்க வேண்டும். கழுத்துக்குப் பின்னால் தலையைத் தாங்கும் காலர். கால்களுக்கு இடையே வந்து மாட்டும் பட்டை. தண்ணீரிலிருந்து தூக்க வசதியாகத் தோளுக்குப் பின்னால் ஒரு கைப்பிடி. உடம்போடு ஒப்பிட்டால் குழந்தையின் தலை கனமானது. அதனால் தண்ணீரில் முகம் குப்புறக் கவிழும். முகத்தை வானம் பார்க்கத் திருப்பி வைப்பதுதான் அந்தக் காலரின் வேலை. காற்றடித்துக் கையில் மாட்டும் வளையங்களும் இடுப்பு டியூபும் நீச்சல் குளத்தில் விளையாடத்தான். அவற்றை நம்பிப் படகேறக் கூடாது.

சரியான அளவா என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை உண்டு. எல்லாப் பட்டைகளையும் இறுக்கிவிட்டு, பிள்ளையைக் கையைத் தூக்கச் சொல்லி, ஜாக்கெட்டின் தோள்பட்டைகளைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். முகவாயும் காதும் ஜாக்கெட்டுக்குள் போய்விட்டால் அது பெரியது, வேறு கேளுங்கள். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது ஏரி, அணை என்று கிளம்புகிற குடும்பம் பிள்ளைக்கென்று சொந்தமாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். அதைப் போட்டுக்கொண்டு வீட்டு ஹாலில் இரண்டு நாள் ஓடி விளையாடவிட்டால், படகுத் துறையில் "குத்துது, வேண்டாம்" என்ற அழுகைக்கு வேலையிருக்காது.

கைக்குழந்தை இருந்தால்? எனக்குத் தெரிந்த நேர்மையான பதில், அடுத்த வருஷம் போகலாம் என்பதுதான். கைக்குழந்தைகளைத் துடுப்புப் படகில்கூட ஏற்ற வேண்டாம் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை அறிவுறுத்துகிறது. அவ்வளவு சின்ன உடம்புக்கு நம்பிக்கையாகப் பொருந்தும் ஜாக்கெட் கிடைப்பது அரிது என்பதே காரணம். பாட்டியும் பாப்பாவும் கரையில் பொரி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கட்டும்.

என் மாமியாரிடம் ஜாக்கெட் விஷயத்தைச் சொன்னபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "எதுக்கு அந்த அழுக்கு ஜாக்கெட்டெல்லாம்? நான் மடியில கெட்டியாப் பிடிச்சுக்க மாட்டேனா?" என்றார். "நீங்க பிடிச்சுப்பீங்க அத்தை, உங்களை யார் பிடிச்சுப்பாங்க?" என்றேன். படகு சட்டென்று சாயும்போது மனிதக் கை தானாக எதையாவது பற்றிக்கொள்ளப் பார்க்கும்; அந்த நொடியில் மடியில் இருப்பது நழுவும். குழந்தையை மார்போடு துணியால் கட்டிக்கொள்வது இன்னும் மோசம், இரண்டு பேரும் சேர்ந்து மூழ்க வேண்டியதுதான். அத்தை பதில் சொல்லவில்லை. ஆனால் மறுமுறை தனக்கும் சேர்த்து ஒரு ஜாக்கெட் கேட்டு வாங்கினார்.

இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா என்று கேட்கலாம். கொஞ்சம் பின்னால் திரும்பிப் பாருங்கள். படகு கவிழ்ந்து இறந்தவர்களின் கணக்கு இது. 2009 செப்டம்பர் 30, தேக்கடி: 45 பேர். 2011 கிறிஸ்துமஸ் நாள், பழவேற்காடு: 22 பேர். 2023 மே 7, கேரளத்தின் தானூர்: 22 பேர், அவர்களில் பலர் குழந்தைகள். 2024 ஜனவரி 18, வடோதராவின் ஹர்ணி ஏரி: பள்ளிச் சுற்றுலா வந்த 12 பிள்ளைகளும் இரண்டு ஆசிரியர்களும். இவற்றில் எதுவும் புயலில் நடந்ததில்லை. எல்லாமே விடுமுறை மனநிலையில் கிளம்பிய உல்லாசச் சவாரிகள். தேக்கடியில் கரையில் நின்ற விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதாகச் செய்திகள் வந்தன. தானூரில் பொழுது சாய்ந்த பிறகும், கொள்ளளவுக்கு மேல் ஆளேற்றிக்கொண்டு படகு கிளம்பியது. ஹர்ணியிலும் படகு தாங்கும் அளவுக்கு மேல்தான் ஏற்றினார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. கூடுதல் ஆள், தவறான நேரம், ஜாக்கெட் இல்லாமை என்று அதே மூன்று காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. மூன்றுமே கரையில் நிற்கும்போதே கண்ணுக்குத் தெரிபவை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை மாற்றி 2021இல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்திருக்கிறது. இயந்திரப் படகுகளுக்குப் பதிவும் தகுதிச் சோதனையும் வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, பின்னால் நூறு பேர் வரிசையில் தள்ளும்போது, அந்தத் துறையில் பரிசோதகர் என்று யாரும் நிற்க மாட்டார். அந்த வேலை பெற்றவர்களுடையது. எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்பதும், ஏறியவர்களை எண்ணுவதும், கூடுதலாக இருந்தால் "அடுத்த படகில் வருகிறோம்" என்று நகர்ந்துகொள்வதும் நம் கையில்தான் இருக்கிறது.

இனி சந்தோஷமான பகுதிக்கு வருகிறேன். சின்னப் பிள்ளைகளின் முதல் சவாரிக்கு எது நல்ல இடம் என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் பிச்சாவரம் என்பேன். சிதம்பரத்துக்கு அருகே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில், சுமார் 1,100 ஹெக்டேரில் விரிந்த சதுப்புநிலக் காடு. இங்கே மோட்டார் படகும் உண்டு, ஆனால் பிள்ளைகளோடு போகிறவர்கள் துடுப்புப் படகையே கேட்டு வாங்க வேண்டும். மோட்டார் படகில் பெரியவர்களுக்குக் காற்று வாங்கலாம்; பிள்ளைக்குக் காதடைப்பும் டீசல் நாற்றமும்தான். துடுப்புப் படகு பிள்ளை பார்க்கும் வேகத்தில் போகும். மர நிழல் கவிந்த குறுகிய கால்வாய்களுக்குள் நுழையும்.

அங்கே பார்ப்பதற்கு எல்லாமே பிள்ளைகளின் உயரத்தில் இருக்கின்றன. தண்ணீருக்கு மேலே வளைந்து இறங்கும் சுரபுன்னை வேர்கள். மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு முருங்கைக்காய்போலத் தொங்கி, பிறகு சேற்றில் விழுந்து ஊன்றிக்கொள்ளும் அதன் விதைகள். நீர் வற்றிய வேளையில் ஒற்றைப் பெரிய கொடுக்கை ஆட்டி ஆட்டிக் கூப்பிடும் ஆண் நண்டுகள். தண்ணீரைவிட்டு வந்து சேற்றில் தத்தி நடக்கும் மீன்கள். மீன் நடப்பதைப் பார்த்த பிள்ளையிடம் கைபேசியைக் கொடுத்தாலும் வாங்காது. இதே இடத்தில்தான் 1975இல் வந்த 'இதயக்கனி'க்குப் படப்பிடிப்பு நடந்தது என்று தாத்தா ஆரம்பிப்பார். அவர் பாட்டுக்குச் சொல்லட்டும். பிள்ளைகள் நண்டைப் பார்க்கட்டும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்: இலையைப் பறிக்கக் கூடாது. இந்தக் காட்டில் தில்லை மரமும் இருக்கிறது, சிதம்பரம் கோயிலின் தலமரம் அதுதான். அதன் பால் தோலில் பட்டால் புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. எது தில்லை, எது சுரபுன்னை என்று நமக்கே தெரியாதபோது, எதையும் தொடாமல் இருப்பதுதான் சுலபமான விதி. கையை வெளியே நீட்டக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. குறுகிய கால்வாயில் படகு வேரில் உரசும். படகுக்கும் வேருக்கும், கரையேறும்போது படகுக்கும் துறைக்கும் நடுவே விரல் மாட்டிக்கொள்ளும்.

விதிகளைப் படகில் ஏறியபின் கத்திச் சொன்னால் பிள்ளைக்கு அது திட்டாகத்தான் கேட்கும். கரையிலேயே சொல்லிவிட வேண்டும், மூன்றுக்கு மேல் வேண்டாம். எழுந்து நிற்கக் கூடாது. கை உள்ளே இருக்க வேண்டும். தரையில் கால் வைக்கும்வரை ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது. பிறகு அந்த விதிகளைக் காக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள். என் அக்காவின் ஆறு வயது மகன் படகில் தன்னைப் போலீஸ் என்று அறிவித்துக்கொண்டான். படம் எடுக்க அரைகுறையாக எழுந்த என் கணவரை அவன் போட்ட அதட்டலில் படகோட்டி துடுப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "புள்ளைங்க ஆடுனா படகு ஆடாதும்மா. பெரியவங்க எந்திரிச்சு நின்னு செல்ஃபி எடுத்தாத்தான் ஆடும்" என்றார்.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. சின்னப் படகில் கனமானவர்கள் நகர்வதுதான் ஆபத்து. ஏறும்போது முதலில் ஒரு பெரியவர் இறங்கி நடுவில் உட்கார வேண்டும். இன்னொருவர் கரையிலிருந்து பிள்ளையைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்கும்படி அமர்ந்து, பிள்ளைகளை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டி, ஏற்காடு ஏரிகளின் பெடல் படகுகளில் பிள்ளையின் கால் மிதியடிக்கு எட்டாது. எட்டவைப்பதற்காக அது நுனிக்கு நகரும், கடைசியில் எழுந்து நிற்கும். அங்கே மிதிக்கிற வேலை பெரியவர்களுக்கு, திசை சொல்கிற வேலை பிள்ளைக்கு.

நேரமும் பிள்ளையுடையதாக இருக்கட்டும். காலையில் துறை திறந்ததும் போய்விடுவது உத்தமம். வெயில் ஏற ஏறக் கடற்கரையோரங்களில் கடல்காற்று கிளம்பும், முட்டுக்காடு போன்ற இடங்களில் தண்ணீர் அலைபாயத் தொடங்கும். தலைக்கு மேலே அடிக்கிற வெயில் போதாதென்று தண்ணீரிலிருந்தும் திருப்பி அடிக்கும். நாடா கட்டிய தொப்பி, தண்ணீர் பாட்டில், ஏறுவதற்கு முன் ஒரு முறை கழிப்பறை, இவ்வளவு போதும். வயிறு முட்ட டிபன் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டாம். குமட்டுகிறது என்றால் கீழே பார்க்காமல் தூரத்துக் கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கேயாவது இடி கேட்டால் உடனே திரும்பச் சொல்லுங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் அரை மணி நேரம் நிறைவாக இருக்கும். ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டியாயிற்றே என்று இழுத்தால் மீதி நேரம் முழுக்கச் சிணுங்கலைத்தான் கேட்டுக்கொண்டிருப்போம்.

கடைசியாக, கண். நீரில் மூழ்குகிற குழந்தை சினிமாவில் வருவதுபோலக் கையை ஆட்டி அலறாது. மூச்சுக்கே வழியில்லாதபோது சத்தம் எங்கிருந்து வரும்? சில நொடிகளில், பக்கத்திலிருப்பவருக்கே தெரியாமல் முடிந்துவிடும். அதனால் படகில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவரைப் பெயர் சொல்லி நியமித்துவிட வேண்டும். அவர் கையில் கைபேசி இருக்கக் கூடாது. 'எல்லாரும் பார்த்துக்கொள்கிறோம்' என்பதற்கு யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். படகு கவிழ்ந்தாலும் அதைப் பற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கரை பக்கம்தான் என்று நீந்தக் கிளம்பக் கூடாது. இதைப் பெரியவர்கள் தெரிந்துவைத்திருந்தால் போதும், பிள்ளைகளிடம் சொல்லிப் பயமுறுத்த வேண்டியதில்லை.

போன கோடையில் ஒரு மலையூர் ஏரியில் கவுன்டர்காரரிடம் "சின்ன சைஸ் இருக்கா?" என்று கேட்டேன். "எல்லாம் ஒரே சைஸ்தாங்க, போட்டு இறுக்கிக்கங்க" என்றார். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தேன். பணம் திரும்பி வரக் கொஞ்சம் வாக்குவாதம் ஆனது. பின்னால் நின்ற இரண்டு குடும்பங்கள் அதைக் கேட்டுவிட்டுத் தாங்களும் அதே கேள்வியைக் கேட்டார்கள். பிள்ளைகள் பத்து நிமிஷம் அழுதார்கள், பிறகு குதிரை சவாரியில் மறந்துபோனார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இருபது டிக்கெட் இப்படித் திரும்பினால், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தக் குவியலில் சின்ன சைஸ் வந்துவிடும். சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கேளுங்கள், இல்லையென்றால் ஏறாதீர்கள்.