பிரஸ்ஸில் நசுங்கிய விரலும் வைட்டமின் டி-யும்

திருவள்ளூர் மாவட்டத்து வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் மத்தியானம் இறங்கி சிப்காட் வரை நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த ஊரில் வேலை பார்ப்பவருக்கு வைட்டமின் டி குறைவு என்றால் யாராவது நம்புவார்களா?

நம்பித்தான் ஆக வேண்டும். வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் உடம்பு வைட்டமின் டி-யைத் தயாரிக்கும். நம் ஊரில் அந்தக் கதிர் நன்றாகக் கிடைப்பது சுமார் 11 மணியிலிருந்து 2 மணி வரை. அந்த நேரத்தில் பகல் ஷிப்ட்காரர் தகரக் கூரைக்குக் கீழே, முழுக்கைச் சட்டையோடு நிற்கிறார். நைட் ஷிப்ட் முடித்த ஒடிசாக்காரரோ பீகார்க்காரரோ அறையில் தூங்கிக் கொண்டிருப்பார். கறுத்த தோலுக்கு வெயில் இன்னும் அதிக நேரம் வேண்டும். பக்கத்தில் இருக்கும் திருப்பதியில் 2000-களில் மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, ஆரோக்கியமானவர்களிடமே இந்தக் குறைபாடு நிறைய இருந்தது. வயலில் வேலை செய்யும் கிராமத்தாரைவிட நகரத்தாரிடம் அதிகம். சாப்பாட்டில் கால்சியம் இரு தரப்புக்கும் போதவில்லை.

சரி, அப்படியானால் பவர் பிரஸ்ஸில் விரல் எலும்பு நொறுங்குவதற்கு இதுதான் காரணமா? இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். பல டன் விசையோடு இறங்கும் பிரஸ், விரல் எலும்பு திடமாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டா இறங்குகிறது? பயில்வான் விரலும் நசுங்கத்தான் செய்யும். வைட்டமின் டி குறைவு எலும்பை வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல பலவீனப்படுத்துவது. அதிலும், அமெரிக்காவில் 25,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த வைட்டல் ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது: பொதுவாக ஆரோக்கியமாக இருந்தவர்களுக்கு வைட்டமின் டி மாத்திரை எலும்பு முறிவைக் குறைக்கவில்லை. (குறைபாடு உள்ளவர்களாகப் பார்த்து எடுத்த ஆய்வு அல்ல அது, அதையும் சொல்லிவிட வேண்டும்.)

"அவனுக்கு எலும்பு வீக்" என்று ஒரு சூப்பர்வைசர் சொல்லிவிட்டால் குற்றம் மெஷினை விட்டுத் தொழிலாளியின் உடம்புக்கு மாறிவிடுகிறது. வேகம் குறைகிறது என்று கழற்றி வைத்த தடுப்பு, இரண்டு கையாலும் அழுத்த வேண்டிய பட்டனில் ஒன்றை டேப் போட்டு ஒட்டியது, நேற்று வந்த ஹெல்பரை இன்று பிரஸ்ஸில் உட்கார வைத்தது, எல்லாம் மறைந்துவிடும். ஆபத்தான இயந்திரப் பாகத்துக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டமே, 21-ஆம் பிரிவில், சொன்னது.

அதற்காக வைட்டமின் டி பக்கம் போகவே வேண்டாம் என்பதில்லை. முறிந்த எலும்பு கூடுவதற்குக் கால்சியம் வேண்டும், கால்சியத்தைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும். கட்டுப் போடும்போதே ரத்தம் எடுத்துப் பார்த்து மாத்திரை கொடுப்பது பெரிய செலவில்லை. ஆனால் மாத்திரையோடு ஓய்வும் வேண்டுமே! வேலையில் காயம் என்றால் இ.எஸ்.ஐ.-யில் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும், எலும்பு கூடும் வரை வீட்டில் இருக்கலாம். ஹரியானாவின் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் விரல் இழந்தவர்களைச் சந்தித்துவரும் 'சேஃப் இன் இந்தியா' அமைப்பு, பலருக்கு இ.எஸ்.ஐ. அட்டையே விபத்துக்கு அப்புறம்தான் கைக்கு வந்தது என்று எழுதியிருக்கிறது. ரூமில் வழுக்கி விழுந்தான் என்று காண்ட்ராக்டர் எழுதிவிட்டால் அந்தத் தொண்ணூறும் வராது.