நீதி ஒன்றா, இரண்டா?

மேற்கு மாம்பலத்தில் வாடகைக்கு வீடு தேடிப் போகிறவர்களின் அனுபவம் நமது வாசகர்கள் அறிந்ததே. வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்ற பேச்சுப் பின்னால்தான் வரும். "நீங்கள் என்ன ஜாதி, என்ன மதம்?" என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கும். பதிலைக் கேட்டதும் சில கதவுகள் சாத்திக்கொள்ளும். வந்து நிற்பவர் ஒரு திருநங்கையானால், கேள்வியே இல்லாமல் சாத்திக்கொள்ளும். ஆதி திராவிடக் கிறிஸ்தவரும் திருநங்கையும் ஒரே கதவின் முன் நிற்கிறார்கள். இதை நமது கிறிஸ்தவ சகோதரர்கள் ஆலோசிக்க வேண்டுமென்பதே நமது விருப்பம்.

ராஜீய அரங்கில் கிறிஸ்தவ சமூகம் நெடுங்காலமாக முன்வைத்து வரும் கோரிக்கைகளில் தலையாயது, ஆதி திராவிடக் கிறிஸ்தவர்களையும் ஷெட்யூல்டு வகுப்பினராக அங்கீகரிக்க வேண்டுமென்பது. 1950-ம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவு அந்த உரிமையைப் பொதுவாக ஹிந்துக்களுக்கே வரையறுத்தது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் வெளியிலேயே நிற்கிறார்.

இதன் பலனைச் சென்னை நகரமே கண்டது. அங்கே தெருவோரத்தில் செருப்புத் தைத்து வந்த ஆதி திராவிடர் ஒருவருக்கு, சகதொழிலாளிகள் இலவசமாகப் பெற்ற சிறு கடை மறுக்கப்பட்டது. காரணம், அவர் கிறிஸ்தவர். சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றார். மதம் மாறிய பின்னும் அதே அளவு தாழ்வு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரமில்லையென்று 1985-ல் அவர் மனு தள்ளப்பட்டது. அவர் கையிலிருந்த ஊசியும் தோலும் மதம் மாறவில்லை. ஊராரின் பார்வையும் மாறவில்லை. 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் இந்த வேற்றுமையை நீக்கும்படி சிபார்சு செய்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபையும் தீர்மானம் நிறைவேற்றியது. நாமும் இக்கோரிக்கையை மனப்பூர்வமாக ஆதரிக்கிறோம்.

ஆனால் இதன் அடிப்படை என்ன? மனிதன் படும் துன்பத்தைப் பார். அவனது நம்பிக்கையை அளந்து நீதி வழங்காதே என்பதேயன்றோ? சர்க்காருக்கு நீட்டும் இந்த அளவுகோலைச் சபைகள் தங்களுக்கும் நீட்டிக்கொள்ள வேண்டாமா?

1860-ல் அந்நிய ஆட்சி இயற்றிய இந்தியன் பீனல் கோடின் 377-வது பிரிவு, தன்பாலீர்ப்பினரின் அந்தரங்க வாழ்க்கையைக் குற்றமாக்கிற்று. மனமொத்த வயதுவந்தோருக்கு அது பொருந்தாதென்று 2009 ஜூலை 2-ந் தேதி டில்லி ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது. எதிர்த்து அப்பீலுக்குச் சென்றோர் யார்? டில்லி ஜோதிடர் ஒருவர், முஸ்லிம் தனிச்சட்ட வாரியத்தார், உத்கல் கிறிஸ்தவ கவுன்ஸிலார், அப்போஸ்தல சபைகளின் கூட்டணியார். வேறு எதிலும் ஒன்றுபடாத மதவாதிகள் இதில் ஒன்றுபட்டார்கள்! 2013 டிசம்பரில் வென்றார்கள். 2018 செப்டம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அத்தவற்றைத் திருத்தியது. அந்நியன் விட்டுச் சென்ற விலங்கைப் பாரதப் பண்பாடென்று போற்றியவர்களைக் குறித்து நாம் வெட்கப்படுகிறோம்.

கிறிஸ்தவர் யாவரும் அப்படியில்லை. தன்பாலீர்ப்பினரைக் கத்தோலிக்க சபை குற்றவாளிகளாக ஒருபோதும் கருதியதில்லையென்று 2013-ல் கர்தினால் ஆஸ்வால்ட் கிரேஷியஸ் கூறினார். அச்சட்டத்தைத் தந்த இங்கிலாந்து, தன் நாட்டில் அதற்கு ஒப்பான சட்டத்தை 1967-ல் தளர்த்தியபோது, காண்டர்பரி ஆர்ச்பிஷப் ராம்ஸே பிரபுக்கள் சபையில் அதை ஆதரித்தார். 2023-ல் போப்பாண்டவர் பிரான்சிஸும் இது குற்றமன்று எனவும், இத்தகைய சட்டங்கள் அநீதியானவை எனவும் பகிரங்கமாகச் சொன்னார்.

"வேதம் ஒப்பவில்லையே" என்பார்கள். வேதம் சொல்வதைச் சபை தன் பீடத்திலே போதிக்கட்டும். அதில் தலையிட நாம் யார்? பாவம் எது என்று சொல்வது சபையின் காரியம். குற்றம் எது என்று வகுப்பது தேசத்தின் காரியம். இரண்டையும் ஒன்றாக்கினால், பெரும்பான்மை மதத்தின் பாவக் கணக்கே நாளை தேசத்தின் சட்டமாகிவிடும். சிறுபான்மையோருக்கு இதைவிட ஆபத்து வேறில்லை. 2002-ல் தமிழ்நாட்டில் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது, மனிதனின் மனச்சாட்சிக்குள் சர்க்கார் நுழையலாகாதென்று கிறிஸ்தவர்கள் வாதாடினார்கள். சரியான வாதம். 2004-ல் அச்சட்டம் கைவிடப்பட்டது. மனச்சாட்சிக்குள் நுழையலாகாத சர்க்கார், இருவரது அன்பிற்குள் மட்டும் நுழையலாமோ?

கோர்ட்டுகள் சிறிது வழி திறந்திருக்கின்றன. ஒருவரது பாலீர்ப்பை வைத்தியத்தால் மாற்ற முயல்வதைச் சென்னை ஹைகோர்ட்டு 2021 ஜூனில் தடுத்தது. விவாகமின்றியும் குடும்பம் அமையலாமென்று 2025 மே மாதத்தில் கூறிற்று. விவாக உரிமையையோ 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு பார்லிமெண்டின் பொறுப்பில் விட்டுவிட்டது. அங்கே இப்பிரச்னை வரும் நாளில், சபைகள் குறுக்கே நிற்கலாகாது.

தமிழகத்தில் கிறிஸ்தவ சபைகளுக்குப் பள்ளிகளும் விடுதிகளும் ஆஸ்பத்திரிகளும் உண்டு. தாழ்த்தப்பட்டோருக்கு மற்றவர் கதவடைத்த காலத்தில் அவற்றின் கதவு திறந்தது. அந்தப் புகழ் சாமானியமானதன்று. வீட்டாரால் துரத்தப்பட்ட திருநங்கைச் சிறுமிக்கும் அது திறக்குமானால், டில்லியில் எழுப்பும் நியாயக் குரலுக்கு வலிமை பன்மடங்காகும். நீதி கேட்போர் நீதி செய்வோராகவும் விளங்க வேண்டும். கதவுக்கு வெளியே நிற்பதன் வேதனையை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் நாம் சொல்ல வேண்டியதில்லை.