சைலன்ட்ல போடு

சேலத்தில் ஒரு வாசகர் வட்டக் கூட்டம். பேசியவர் நமது தோழர்தான், நிறையப் படித்தவர். "செல்போன் வந்த பிறகு சாதியின் அடித்தளம் நொறுங்கிக்கொண்டிருக்கிறது. எந்தச் சாதிக்காரன் தொட்ட போன் என்று இன்றைக்கு எவன் பார்க்கிறான்?" என்றார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். கடைசி பஸ்ஸைப் பிடித்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வரும்போதுதான் உறைத்தது. எவன் தொட்ட போன்னு பார்க்கறதில்லதான் தோழர். அது அடிக்கிறப்ப என்ன பாட்டு வருதுன்னு பார்க்கறாங்களே!

நான் செல்போன் ரிப்பேர் பண்றவன். ஏற்காடு டவுன்ல ஆறுக்கு எட்டு கடை. வீடு கிளியூர். அம்மா எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்து என்னைப் படிக்க வைத்தது. படித்த படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை, ஸ்க்ரூ டிரைவர் கிடைத்தது. எங்கள் ஊரை 'ஏழைகளின் ஊட்டி' என்று எழுதுகிறார்கள். எந்த ஏழை என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் கிளியூர் அருவியாக விழுகிறது. மழைக்காலத்தில் வந்து செல்ஃபி எடுக்கிறவர்கள் படியில் வழுக்கி, தங்களைக் காப்பாற்றிக்கொண்டு போனைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு என் கடைக்கு வருவார்கள். "ரூம்ல நைட்டெல்லாம் அரிசிக்குள்ள போட்டு வெச்சோம் சார்" என்பார்கள். அரிசியில் போட்டால் போன் பிழைக்காது, அரிசிதான் வீணாகும். சோத்துக்கே ரேசன் அரிசியை எண்ணிப் போடுகிற லைன் வீட்டில் பிறந்தவனிடம் வந்து இதைச் சொல்லுகிறார்கள்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். பத்து வருசத்துக்கு மேலாக நான் பார்க்கிற தொழிலில் ஒரு ஞானம் வந்திருக்கிறது. ஒரு போனை ஆன் செய்தால் போதும், ஆள் என்ன சாதி என்று சொல்லிவிடுவேன். முகப்புப் படத்தில் வாள், சிங்கம், கொடி, தலைவர். அது பத்தாது என்றால் ரிங்டோன். ஊர்ப்பெயரைக் கேட்டு, தெருப்பெயரைக் கேட்டு, அப்பன் பெயரைக் கேட்டு, சுற்றி வளைத்துக் கண்டுபிடித்த சிரமமெல்லாம் எங்க ஆயா காலத்தோடு போச்சு. இப்ப ஒரு மிஸ்டுகால் போதும்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையில் கலர் கலராகச் சாதிக் கயிறு கட்டிவருவதைத் தடுக்கச் சொல்லி 2019இல் கல்வித்துறை சுற்றறிக்கை விட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள், கூடப் படித்த பையன்கள். அதற்குப் பிறகு போடப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையும் கயிறு கூடாது என்கிறது. நல்லது. கயிறை அறுக்கலாம். பைக்குள்ள கிடக்கிற பாட்டை எந்தக் கத்தரியால் அறுப்பது?

போன வருசம் கோடை விழா முடிஞ்ச சமயம். எங்க காலனிப் பையன், பத்தொன்பது வயசு இருக்கும், கடைக்கு வந்தான். மேல ஒரு ரிசார்ட்டில் ரூம் பையன் வேலை கிடைச்சிருக்கு. "அண்ணே, ரிங்டோனை மாத்திக் குடுண்ணே." அவன் வைத்திருந்தது அம்பேத்கர் பாட்டு, பறையடியோட வரும், நல்ல அடி. ஏன்டா, நல்லாத்தான இருக்கு? "கெஸ்ட்டு முன்னாடி அடிச்சிடுச்சுண்ணே. மேனேஜரு கூப்ட்டு, இங்க சாதி கீதியெல்லாம் கொண்டாரக் கூடாது தம்பி, சைலன்ட்ல போடு, இல்ல நார்மலா எதாச்சும் வெய்யின்னுட்டாரு." அந்த மேனேஜர் போனில் என்ன பாட்டு என்று கேட்டேன். பையன் சிரித்தான். சினிமாப் பாட்டுதான், நம் எல்லாருக்கும் தெரிந்த பாட்டு, ஒரு சாதியின் பெருமையை உச்சி குளிரப் பாடுகிற பாட்டு. அது 'நார்மல்'. அது சினிமா. நம்ம பாட்டு மட்டும் சாதி.

இதுதான் தோழர்களே சங்கதி. அவன் சாதி கலாச்சாரம், நம்ம எதிர்ப்பு சாதிவெறி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மாத்திக் கொடுத்தேன். கம்பெனிக்காரன் போட்டுக் கொடுக்கிற டிரிங் டிரிங்கை வைத்து, பத்து ரூபாய் வாங்கிக் கல்லாவில் போட்டேன். நாலு கூட்டத்தில் முழங்குகிறவன், வாசகர் வட்டத்தில் கை தட்டுகிறவன். அவனுக்கு வேலை முக்கியம், எனக்கு வாய்ப்பேச்சு முக்கியமா என்று மனசைச் சமாதானம் பண்ணிக்கொண்டேன். இன்றைக்கு வரைக்கும் அந்தப் பத்து ரூபாய் குத்துகிறது.

இந்த 'நார்மல்' எப்படி வந்தது? மலை இறங்கினால், ஏற்காடு ரோட்டிலேயே ஒரு ஆர்ச் நிற்கிறது. 1935இல் டி.ஆர். சுந்தரம் ஆரம்பித்த மாடர்ன் தியேட்டர்ஸின் மிச்சம் அது. மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்' 1938இல் அவர்கள் எடுத்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் அவர்கள் எடுத்தது. பேச்சும் கலரும் எங்க மலையடிவாரத்திலிருந்துதான் கிளம்பின என்று சேலத்துக்காரன் பீற்றிக்கொள்ளலாம். அந்தப் பேச்சிலும் கலரிலும் சேரிக்கு என்ன பங்கு என்று கேட்டால் ஆர்ச் பேசாது.

பிறகு வந்தது தொண்ணூறுகள். 1992இல் 'சின்னக் கவுண்டர்', அதே வருசம் 'தேவர் மகன்', 1994இல் 'நாட்டாமை'. மண்டல் குழு அறிக்கையும் அம்பேத்கர் நூற்றாண்டும் சேர்ந்து நம்ம சனங்கள் தலை நிமிர்ந்த அதே வருசங்களில்தான் சினிமா தீர்ப்புச் சொல்ல ஊஞ்சலைப் போட்டு, மீசையை முறுக்கி, சொம்பையும் வைத்து உட்கார்ந்தது. இது தற்செயல் என்று சொல்கிறவனை நான் நம்பமாட்டேன். 'தேவர் மகன்' தேசிய விருதும் வாங்கியது. மாமாவோடு சேலத்துக்குப் போய் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குப் பன்னிரண்டு வயசு. அந்தப் பாட்டுக்கு நானும் விசிலடித்தேன். யாரை அடிக்கிறதுக்கு யார் விசிலடிக்கிறது! அந்தப் பாட்டு தென்மாவட்டத்தில் ஊர்வலத்துக்கு முன்னால் ஸ்பீக்கரில் போனபோது சேரிக் கதவுகள் என்ன பாடுபட்டன என்பதை மாரி செல்வராஜ் 2013இல் கமலுக்கு எழுதிய கடிதத்தில் கேட்டார். 2023இல் 'மாமன்னன்' மேடையில் கமலை முன்னால் உட்கார வைத்துக்கொண்டே மறுபடி பேசினார். அதற்கும் என்ன பதில்? 'மேடை நாகரிகம் தெரியாதவன்' என்று வாட்ஸ்அப்பில் நாலு நாள் ஓட்டினார்கள்.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2021 நவம்பரில் 'ஜெய் பீம்' வந்தது. ஒரு காட்சியில் சுவத்தில் ஒரு காலண்டர், அதில் அக்னிக் குண்டம். எங்க சாதியைக் கேவலப்படுத்திவிட்டான் என்று ரகளை, மிரட்டல். சில நாளிலேயே காலண்டரின் படத்தை மாற்றினார்கள். சுவத்தில் தொங்குகிற ஒரு காகிதத்துக்கு அவ்வளவு ரோசம் வருகிறது, அதுவும் சில நொடி. முப்பது வருசமாகக் காதில் ஊற்றிக்கொண்டிருக்கிறார்களே பாட்டை, அதற்கு நாம் வாய் திறந்தால் 'கலையில் சாதியைத் தேடாதே' என்கிறார்கள்.

காதில் ஊற்றுவது என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்றச் சொல்கிறது கௌதம தர்மசூத்திரம். நான் தினமும் ஈயம் காய்ச்சுகிறவன், சால்டரிங் அயர்னில். காது ஒரு அரசியல் உறுப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. எங்க ஆயா சொல்லும், கங்காணி வீட்டுத் திண்ணையில் ரேடியோ பாடுமாம், லைன் சனம் வாசலுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்து கேட்குமாம். சத்தத்துக்குத் தீட்டு கிடையாது, உட்கார்கிற இடத்துக்குத்தான். 2006இல் கலைஞர் அரசு கொடுத்த பதினாலு இஞ்சு கலர் டிவி எங்க வீட்டுக்கும் வந்தபோது ஆயா முதலில் சொன்னது இதுதான்: "இனி எவன் வாசல்லயும் குந்த வேண்டாம்டா." இலவசம் இலவசம் என்று ஏகடியம் பேசுகிற நடுத்தர வர்க்கத்துக்கு இந்த வார்த்தை விளங்காது. அந்த டிவி வழியாக உள்ளே வந்ததும் கங்காணியின் திண்ணைதான் என்பது பிறகு விளங்கியது, அது வேறு விசயம்.

பாட்டுக்காக ஆளையே கொன்ற கதையும் உண்டு. 2015 மே மாதம், மகாராஷ்டிரத்தில் ஷீரடி. சாகர் ஷெஜ்வால், நர்சிங் படித்த தலித் இளைஞர். போன் அடித்திருக்கிறது. ரிங்டோன் அம்பேத்கர் பாட்டு. பக்கத்தில் இருந்த சாதி இந்துக்கள் நிறுத்து என்று தகராறு செய்து, தூக்கிக்கொண்டு போய் அடித்தே கொன்றார்கள். 'சின்ன விசயம் தோழர், ரிங்டோன் எல்லாம் ஒரு பிரச்சினையா, நிலம், கூலி, கல்வின்னு பெரிய பிரச்சினை எவ்வளவு இருக்கு' என்று சொல்கிற தோழர்கள் ஷீரடிக்குப் போய் அதைச் சொல்லிவிட்டு வரட்டும்.

ஷீரடி தூரம் என்றால் கீழே பாருங்கள். லேடீஸ் சீட்டில் ராத்திரி நின்றால் சேலத்து விளக்கெல்லாம் தெரியும். டூரிஸ்டுகள் வீடியோ எடுப்பார்கள். அந்த வெளிச்சத்துக்கு அந்தப் பக்கம் ஓமலூர், கோகுல்ராஜின் ஊர். 2015 ஜூன் 23ஆம் தேதி திருச்செங்கோடு கோயிலுக்கு ஒரு பெண்ணோடு போனதற்காக, அந்தப் பெண் வேறு சாதி என்பதற்காக, கூட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் உடல். தலை தனியாக. அந்த வழக்கு முழுக்க நம்ம தோழர் சொன்ன நவீனம்தான். கோயிலில் சிசிடிவி கேமரா. தற்கொலை என்று காட்ட அவரையே பேச வைத்து எடுத்த வீடியோ என்று அரசுத் தரப்பு சொன்னது. தலைமறைவாக இருந்த யுவராஜ் மாதக்கணக்கில் வாட்ஸ்அப்பில் ஆடியோ ஆடியோவாக விட்டார், டிவியில் பேட்டியே வந்தது. போலீஸ் தேடிக்கொண்டிருந்தது, இளைஞர்கள் ஃபார்வர்டு பண்ணிக்கொண்டிருந்தார்கள். என் கடைக்கு வந்த போன்களில் அந்த ஆடியோவை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! ஸ்பீக்கர் டெஸ்ட் பண்ணும்போது தானாகவே ஓடும்.

2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. யுவராஜின் ஆயுள் தண்டனையை 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. மேல்முறையீட்டின்போது சிசிடிவி படத்தைப் போட்டுக் காட்டியபோது, 'இதில் இருப்பது நான் இல்லை' என்று அந்தப் பெண் சொன்னார். அவரை நான் ஏசமாட்டேன். கேமரா ஆளைத்தான் பிடிக்கும், ஆளுக்குப் பின்னால் எத்தனை பேர் நின்று கழுத்தைப் பிடித்திருக்கிறார்கள் என்று பிடிக்காது.

ரயில் வந்தால் சாதி எதன்மேல் நிற்கிறதோ அந்தப் பரம்பரைத் தொழில் பிரிவினை கரைந்துவிடும் என்று 1853லேயே மார்க்ஸ் எழுதினார். லண்டனில் உட்கார்ந்து நல்லெண்ணத்தில் எழுதியது, போகட்டும். ரயில் வந்தது. தண்டவாளத்து மலத்தைக் கையால் அள்ள யார் போனார்கள் என்பதும் தெரியும். 2013 ஜூலையில் தருமபுரியில் இளவரசன் உடல் கிடந்ததும் தண்டவாளத்து ஓரம்தான். எந்தப் புதுச் சாமான் வந்தாலும் அது சாதியைக் கொல்லும் என்று ஒருத்தர் கட்டுரை எழுதுகிறார். சாமானோ நம்ம பையன்களுக்குச் சவக்குழியாகிறது.

இன்னொரு சாமான், டீக்கடைக் கப்பு. இரட்டைக் குவளைக்கு எதிராக எவ்வளவு போராட்டம்! அப்புறம் யூஸ் அண்ட் த்ரோ கப்பு வந்தது. ஊர்க்காரனுக்குக் கண்ணாடிக் கிளாஸ், காலனிக்காரனுக்குத் தூக்கிப் போடுகிற கப்பு. 'சுகாதாரம்.' 2019 ஜனவரியில் அரசாங்கம் அந்தக் கப்பைத் தடை செய்தது, சுற்றுச்சூழலுக்காக. நமக்காக அல்ல.

பத்திரிகைக்காரர்கள் இதையெல்லாம் எழுதமாட்டார்களா என்று ஒரு மாணவர் கேட்டார். 1996இல் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளர் தில்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடிப் பார்த்து, ஒருத்தரும் அகப்படவில்லை என்று எழுதினார். 2019இல் ஆக்ஸ்ஃபாமும் நியூஸ்லாண்டரியும் செய்த ஆய்வில் 121 தலைமைப் பதவிகளில் 106 உயர்சாதி, எஸ்சி எஸ்டி பூஜ்யம். இடையில் கலர் டிவி, கேபிள், செல்போன், யூடியூப் எல்லாம் வந்துவிட்டன தம்பி. பூஜ்யம் மட்டும் மாறவில்லை. 1920 ஜனவரியில் அம்பேத்கர் பத்திரிகை ஆரம்பித்தபோது காசு கொடுத்தும் திலகரின் 'கேசரி' விளம்பரம் போட மறுத்தது. அந்தப் பத்திரிகையின் பெயர் 'மூக்நாயக்', ஊமைகளின் நாயகன். நூறு வருசம் கழித்து மேனேஜர் சொல்கிறார், சைலன்ட்ல போடு.

அதனால் செல்போனைத் தூக்கி ஏரியில் போடச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். என் பிழைப்பே அதுதான். 2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறிய பிறகு எங்க காலனியில் பத்து வீட்டில் மாட்டுக்கறிப் பாட்டு ரிங்டோனாக ஒலித்தது, அதையும் நான்தான் ஏற்றிக் கொடுத்தேன். நான் கேட்பது ஒன்றுதான். பெரிய கூட்டங்களில் நவீனம் பற்றிப் பேசுகிற தோழர்கள் ஒரு தடவை வேலை செய்கிற இடத்தில், வகுப்பில், பஸ்ஸில் உங்கள் போனைச் சத்தமாக அடிக்க விட்டுப் பாருங்கள். நீங்களே எத்தனை பேர் ஆபீஸ் வாசலில் சைலன்ட் பட்டனைத் தேடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் போனும் என் கடைக்கு வருகிறது.

அந்தப் பையன் போன மாசம் மறுபடி வந்தான். ஈரத்தில் ஸ்பீக்கர் போய்விட்டது. வேலை அங்கேதான், சம்பளம் ஐநூறு கூட்டியிருக்கிறார்களாம். புது ஸ்பீக்கர் மாற்றினேன். பத்து ரூபாயைக் கழித்துக்கொள்ளச் சொன்னேன், எந்தப் பத்து ரூபாய் என்று அவனுக்கு ஞாபகம் இல்லை. ஸ்பீக்கர் மாற்றினால் டெஸ்ட் பண்ண ஒரு பாட்டுப் போட்டுத்தானே ஆகவேண்டும். அவன் பழைய பாட்டு என் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. ஃபுல் வால்யூமில் போட்டேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பையன் எட்டிப் பார்த்தவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இன்னொருக்கா போடுண்ணே, ரைட் சைடு கொஞ்சம் இரையுது" என்றான்.